ஊதாத் துணியில் வலை முடிச்சு

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து அழகில்லை. எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனை பிடித்ததெல்லாம் மீனவர் சங்கத்தில் கையொப்பம் வைப்பதற்கும், பிந்திய காலத்தில் இந்தக் கொப்பியில் அளவு எழுதுவதற்கும்தான். இது அக்காவின் அளவுக் கொப்பி. முன்பக்கங்களில் ஊர்ப் பெண்களின் தோள், இடுப்பு, கை நீளம் என்று எண்கள் இருக்கின்றன. நான் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி எழுதுகிறேன். வரி கோட்டுக்கு மேலேயும் கீழேயும் போகிறது. துணியில் நேராகப் போகிற கை தாளில் போகமாட்டேன் என்கிறது.

எழுத வந்தது அக்காவின் பார்வையைப் பற்றி. அது போனதில் என் பங்கு இருக்கிறது. அந்தப் பங்கை நான் இன்னும் ஒருவரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அம்மா இறந்தபோது எனக்கு நாலு வயது. அதிலிருந்து என்னைப் பார்த்தது அக்காதான். அவர் கலியாணம் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. மன்னார்த் தீவின் வடக்குக் கரையில், கோயில் மணி கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. விறாந்தையில் தெருப்பக்க யன்னலுக்குக் கீழே அக்கா தைக்கிற கால்மெசின் இருக்கிறது. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்தபோது வீட்டில் இருந்த எதையும் எடுக்காமல் அந்த மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் கட்டி நான் தோளில் தூக்கினேன். கால்களை விட்டுவிட்டுப் போனோம். இப்போது இருப்பது வேறு கால்கள்.

எங்கள் வீட்டில் எந்த மாதம் நடக்கிறது என்பதை நிலத்தில் கிடக்கும் துண்டுத் துணியைப் பார்த்தே சொல்லலாம். பள்ளிக்கூடம் தொடங்க முன்னர் எல்லாம் வெள்ளை. தவக்காலம் என்றால் ஊதா. உயிர்த்த ஞாயிறு கழிந்தால் திரும்பவும் வெள்ளை, ஆனால் அது பிள்ளைகள் முதன்முதல் நற்கருணை வாங்கப் போடுகிற முதல்நன்மைச் சட்டைகளின் பளபளப்பான வெள்ளை. நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் முன்னால் பக்கத்துத் தெரு முஸ்லிம் வீடுகளிலிருந்து துணி வரும், அதில் தங்க நிற இழை இருக்கும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் மெசினுக்குள் மணல் போகாதபடி ஈரச் சாக்கால் யன்னலை மறைத்துவிட்டுத் தைப்பார். மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்களின் கூடாரத் துணியையும் அந்த மாதங்களில்தான் ஒட்டுப் போட்டுக் கொடுப்பார். மாரி தொடங்கினால் வெளியே வேலை குறையும். அப்போது வருடம் முழுவதும் சேர்த்து வைத்த துண்டுகளை நாடாவாகக் கிழித்துப் பின்னி, தைத்து, வட்டமான கால்மிதிகள் செய்வார். அந்த வேலையில் நானும் சேர்வேன். பிறகு கிறிஸ்து பிறந்த நத்தார் வரும். நத்தாருக்கு எல்லா நிறமும்தான்.

நான் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். கரையில் படகு இயந்திரத்தைத் தூக்கும்போது சறுக்கி விழுந்து முதுகெலும்பில் அடி. பாரம் தூக்கக்கூடாது, படகில் குலுங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு முற்றத்து வேம்பின் கீழ் இருந்து மற்றவர்களின் அறுந்த வலைகளைப் பொத்திக் கொடுக்கிறேன். எனக்கு ஆட்களோடு பேச வராது. அக்காவிடம் தைக்கக் கொடுக்கப் பெண்கள் வந்தால் நான் வலையை அப்படியே போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவேன். அவர்கள் போகும் வரைக்கும் அங்கே வாழைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பேன். எங்கள் வாழைகளுக்குத் தண்ணீர் பஞ்சம் வந்ததே இல்லை.

போன வருடத் தவக்காலத்தில்தான் தொடங்கியது. தவக்காலத்தின் கடைசி இரண்டு கிழமைகளும் எங்கள் கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடி வைப்பார்கள். பழைய உறைகள் வெளிறிப் போனதால் கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார் புதிதாகத் துணி எடுத்து அக்காவிடம் கொடுத்தார். பெரிய சிலுவைக்கும் மாதாவுக்கும் சூசையப்பருக்கும் மற்றச் சிறியவைகளுக்குமாகப் பதினொரு உறைகள். அக்கா நாலு நாளில் தைத்து முடித்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் சிலுவைப்பாதைச் செபத்துக்குப் போகும்போது, "தம்பி, அதுகளை ஒருக்கா மடிச்சு வை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மடிக்க எடுத்தபோது சூசையப்பரின் உறையில் என் கை உள்ளே போய் மறுபக்கத்தால் வெளியே வந்தது. இடுப்பு வரைக்கும் நேராக வந்த தையல் அதற்குக் கீழே துணியின் ஓரத்தைவிட்டு இறங்கி, நாலு விரல் தூரம் துணி இல்லாத இடத்தில் போய், திரும்ப உள்ளே வந்திருந்தது. அக்காவின் தையல் அப்படிப் போய் நான் கண்டதில்லை. களைப்பு என்று நினைத்தேன். மற்றதை எடுத்தேன். அதிலும் அப்படி. பதினொன்றில் ஏழு உறைகள் அப்படி இருந்தன.

சுரூபத்தை மூடும்போது ஊர் முழுக்கப் பார்க்கும். உபதேசியாருக்குக் கூச்சமாகப் போகும், பிறகு அக்காவுக்குத் தெரியவரும். நான் ஒரு சவர அலகை எடுத்து அந்த இடத்தைப் பிரித்தேன். ஊசி கோத்துக் கையால் தைத்தேன். வலை பொத்துகிறவனுக்கு ஊசி புதிதல்ல. முடிவில் நூலை என்ன செய்வது என்று தெரியவில்லை. அக்கா மெசினை முன்னும் பின்னும் ஓட்டி நூலை நிறுத்துவார், முடிச்சே இருக்காது. என் விரல் தானாக வலை முடிச்சைப் போட்டது. அறுந்த வலையைப் பொத்தினால் கடைசியில் போடுகிற முடிச்சு. எவ்வளவு இழுத்தாலும் இன்னும் இறுகுமே தவிர அவிழாது. மிச்ச நூலைப் பல்லால் கடித்துவிட்டேன்.

அன்று இரண்டு உறைதான் முடிந்தது. அக்கா வந்து நான் மடித்து வைத்ததைத் தொட்டுப் பார்த்தார்.

"சாறி மடிக்கிற மாதிரியெல்லோ மடிச்சிருக்கிறாய். ஆரும் பொம்பிளை கண்டா உன்னைக் கேட்டு வருவாள்."

"வந்தா நான் கிணத்தடிக்குப் போயிடுவன்" என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என்னால் சொல்ல முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.

அடுத்த நாள் அவர் காலைப் பூசைக்குப் போன நேரம் மெசினில் போய் இருந்தேன். மற்ற ஐந்தையும் அதில்தான் தைத்தேன், ஒரு காலைக்கு ஒன்றாக. நூல் முனையில் மட்டும் கை அதே வலை முடிச்சைத்தான் போட்டது. முதலில் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது, நூல் அறுந்தது. மூன்றாம் நாள் கால் பழகிவிட்டது. உறைகள் கோயிலுக்குப் போயின. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அக்கா பூசைக்குப் போனால் போய் வர ஒன்றரை மணித்தியாலம். அந்த நேரத்தில் நேற்றுத் தைத்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். கோணியதைப் பிரித்துத் தைப்பேன். அக்கா எனக்குத் தையல் பழக்கவில்லை. அவர் தைத்ததைப் பிரித்துப் பிரித்துத்தான் நான் பழகினேன். தோளில் துணி எப்படி ஏறுகிறது, சுருக்கு எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் பிரிக்கும்போது தெரிந்தது. முதல்நன்மைச் சட்டைகள் வந்தபோது வேலை கூடியது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் அவருக்குத் தெரியவே இல்லை என்று நினைக்கிறேன். ஒரு சட்டையில் இடது கையை வலது பக்கத்தில் பூட்டியிருந்தார்.

கண்ணில்தான் பிழை என்று எனக்கு விளங்கிவிட்டது. ஊசி கோக்க என்னைக் கூப்பிடுவார். "இப்ப வாற நூலெல்லாம் நூலே? சிலந்தி விட்டது மாதிரி" என்று நூலைப் பேசுவார். தேநீர் ஊற்றும்போது கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுவார். அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, பத்துப் பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. மாதா மாதம் மருந்து எடுக்கும் இடத்தில், கண்ணையும் ஒருமுறை காட்டச் சொல்லி ஒரு கடதாசித் துண்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் துண்டு அலுமாரியின் மேல் அந்தோனியார் சுரூபத்துக்குக் கீழே கிடந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் துணி கொண்டுவந்தார் பக்கத்துத் தெரு முஸ்லிம் வீட்டு ராத்தா. அவர் குரல் தெருமுனையிலேயே கேட்கும். நான் கிணற்றடிக்குப் போக நேரமில்லாமல் குசினிக்குள் ஒதுங்கினேன்.

"அக்கா, நோன்புப் பெருநாளுக்குத் தைச்சுத் தந்தீங்களே பேரன்ட உடுப்பு, அதைக் கேளுங்க. வேலிக் கம்பியில கொழுவிட்டான். நானும் இழுக்கிறன், அவனும் இழுக்கிறான். துணி கிழிஞ்சு போச்சு, தையல் அப்பிடியே நிக்குது. என்ன நூல் போடுறீங்க?"

"நூலில்லை ராத்தா, கை. நாப்பது வருசக் கை" என்றார் அக்கா.

"மாஷா அல்லாஹ். வயசு போகப் போக எங்களுக்குக் கை நடுங்குது, உங்களுக்கு இறுகுது. தம்பி எங்க, காணேல்லை?"

"ஏன், அவன் குசினிக்குள்ள ஒளிச்சு நிண்டு நாங்கள் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டு நிப்பான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த உடுப்பு முழுக்க நான் பிரித்துத் தைத்தது.

ஒரு கிழமை கழித்து, அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். எனக்கு அது பெரிய காரியம். காலையிலிருந்து வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன்.

"அக்கா, இந்தக் கண் பாக்கிற துண்டு கிடக்குது. ஒருக்காப் போட்டு வருவமே?"

"அங்க போனா கண்ணுக்கு மருந்து விட்டு நாள் முழுக்க இருத்தி வைப்பாங்கள். பெருநாள் துணி கிடக்குது, பிறகு மடுத் திருவிழா. பாப்பம்."

"கண் முக்கியமெல்லே?"

அவர் மெசினை நிறுத்தினார். "இஞ்சை பார் தம்பி. கண்ணில பிழை எண்டா முதல்ல எனக்குத் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. தையலுக்குத்தான் தெரியும். தையல் கோணினா நானே முதல் பஸ்ஸில ஏறிப் போவன். ராத்தா சொன்னதைக் கேட்டனீதானே?" கொடியில் கிடந்த ஒரு சட்டையை எடுத்து என் கையில் வைத்தார். ராத்தாவின் மகளுக்குத் தைத்த சட்டை. "தடவிப் பார். கோணியிருக்கோ, சொல்லு."

அந்தப் பக்கத்தை அன்று காலைதான் நான் தைத்திருந்தேன். தடவினேன்.

"இல்லை அக்கா. நேராத்தான் இருக்கு" என்றேன்.

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஒளித்துத் தைத்ததை விட்டுவிடலாம். அவர் மனம் நோகக்கூடாது என்று செய்தேன், அது உண்மை. ஆனால் அவர் என் கையில் சட்டையைத் தந்து கேட்டார். இதைத்தான் நான் நம்பியிருக்கிறேன், இது கோணினால் போவேன் என்று சொல்லித்தான் கேட்டார். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். துண்டு என் மற்றக் கையில் இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுபோய் அந்தோனியாருக்குக் கீழே வைத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். கூச்சம் என்று சொல்லிக்கொள்வேன். கூச்சமும்தான். ஆனால் இன்னொன்றும் இருந்தது, அதை எழுதக் கை பின்வாங்குகிறது. கடலை விட்ட பிறகு நான் எதற்கும் உதவாதவன் என்றுதான் இருந்தேன். அந்தக் காலைகளில் மெசினில் இருக்கும்போது எனக்குச் சந்தோசமாக இருந்தது. ராத்தா புகழ்ந்தது என் தையலை. அது குசினிக்குள் நின்ற எனக்கு மட்டும்தான் தெரியும். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனால் மெசினை மூடி வைக்கச் சொல்லுவார்கள், அந்தக் காலைகளும் முடிந்துவிடும். அந்த எண்ணம் அப்போது என் மனதில் ஓடியது. ஓடவில்லை என்று சொன்னால் இதிலும் பொய் எழுதினவன் ஆவேன்.

சோளகம் ஓய்ந்தது. மடுத் திருவிழா போனது. மாரி பிடித்தது. கால்மிதிக்குத் துணி கிழித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அக்கா கையிலிருந்த துணியை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

"தம்பி, வெளியில புகைக்குதோ?"

"இல்லை அக்கா. மழையெல்லோ பெய்யுது."

"அப்ப என்ர கண்ணுக்குள்ளதான். ஆரோ மை ஊத்தின மாதிரி இறங்குது."

அன்றே மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் யாழ்ப்பாணத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த நாள் விடிய பஸ் ஏறினோம். அக்காவை யன்னல் பக்கம் இருத்தினேன். பாலம் தாண்டி அடம்பன் பக்கம் வந்தபோது ரோட்டின் இரண்டு பக்கமும் வயல் பச்சையாக நின்றது. அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"விதைச்சிட்டாங்களே தம்பி?" என்று கேட்டார்.

நான் ஓம் என்றேன். வெள்ளாங்குளத்தில் பஸ் நின்றபோது ஒரு வெறும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். கோப்பையை அவர் விரலில் வைத்து, விரலை நான் மூடிவிட்டேன்.

டொக்டர் இளம் பெண். நல்லவர். நேரம் எடுத்துப் பார்த்தார். கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, சீனி வருத்தத்தால் வருவது என்று சொன்னார். "ஒரு ஆறு மாசத்துக்கு முதல் வந்திருந்தா லேசர் அடிச்சு நிப்பாட்டியிருக்கலாம் அம்மா. இப்ப மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தத்தான் பாக்கலாம். தையல் வேலை எண்டு சொல்லுறீங்கள், வேலை செய்யேக்க வித்தியாசம் ஒண்டும் தெரியேல்லையா?"

"இல்லை டொக்டர்" என்றார் அக்கா. "கொஞ்சம் மங்கல்தான். ஆனா தையல் நேராத்தான் போனது. அதாலதான் நான் கவனிக்கேல்லை."

டொக்டர் என்னைப் பார்த்தார். வீட்டு ஆள் என்ற முறையில்தான் பார்த்திருப்பார். நான் கதிரையின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போது அக்காவின் வலக்கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. இடக்கண்ணில் ஓரமாக ஆட்களின் நிழல் தெரியும். கோயிலுக்கு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

நாங்கள் திரும்பி வந்தபோது நத்தாருக்குத் தைக்கக் கொடுத்த துணிகள் விறாந்தையில் இருந்த மரவாங்கில் குவிந்து கிடந்தன. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் அக்கா. நான் தைக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு பாவாடையைத் தைத்துக் கையில் கொடுத்தேன். ஓரம் முழுவதையும் விரலால் பார்த்தார்.

"இவ்வளவு கெதியா எங்கயடா பழகினாய்?"

"உங்களைப் பாத்துத்தான்."

அதுவும் பொய்.

அந்த நத்தார் அப்படித்தான் நடந்தது. அளவெடுப்பது அக்கா. மெசினுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்து, நாடாவைப் பிடித்து, பெருவிரலால் அடையாளம் வைப்பார். பெண்கள் அந்த இடத்து எண்ணைத் தாங்களே வாசித்துச் சொல்லுவார்கள். திரைக்கு மறுபக்கம் இருந்து நான் கொப்பியில் எழுதுவேன். ஒரு நாள் ஒருத்தி, "தம்பியே அளவெடுத்தா வேலை கெதியா முடியுமே அக்கா" என்று சொல்ல, அக்கா, "அவன் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுப்பான். பிறகு உங்களுக்குச் சட்டை வராது, சாக்குத்தான் வரும்" என்றார். திரைக்கு அந்தப்பக்கம் ஒரே சிரிப்பு. கண் போன மனிசி இப்படிப் பகிடி விடுகிறாரே என்று ஊரில் சொன்னார்கள். ஆள் இல்லாத நேரத்தில் அவர் மெசினின் பலகையில் கையை வைத்துக்கொண்டு இருப்பதை அவர்கள் காணவில்லை.

இந்தத் தவக்காலத் தொடக்கத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஒளித்துத் தைத்ததைச் சொன்னேன். பொய் சொன்னேன் என்றும் சொன்னேன்.

"அக்காவில இருக்கிற பாசத்தாலதானே செய்தனீர்?" என்று கேட்டார் பாதர்.

"ஓம் பாதர்."

மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். முழந்தாளில் இருந்து சொன்னேன். சொல்லி முடிய எழும்பி வந்தேன். மனம் இறங்கவில்லை. பாதரில் பிழை இல்லை. சட்டையை என் கையில் தந்து அக்கா கேட்டதை நான் அவருக்குச் சொல்லவில்லை. சந்தோசமாக இருந்ததையும் சொல்லவில்லை. பாதி சொன்னால் பாதிக்குத்தான் மன்னிப்புக் கிடைக்கும்.

இந்தச் செவ்வாய்க்கிழமை உபதேசியார் ஊதா உறைகளைக் கொண்டுவந்து தந்தார். போன வருடம் தைத்தவைதான். கழுவிக் காயவைத்திருந்தார்கள். கழுத்தில் நாடா பிய்ந்தவை சில இருக்கும், பார்த்துத் தைத்து சனிக்கிழமை தாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அவற்றைத் தன் மடியில் வைக்கச் சொன்னார். "நான் கடைசியாத் தைச்ச கோயில் வேலை, ஒருக்காத் தொட்டுப் பாக்கிறன்" என்றார்.

ஒன்றை எடுத்து விரலை ஓரத்தில் ஓடவிட்டார். கீழ்முனைக்கு வந்ததும் விரல் நின்றது. திரும்ப மேலே போய்த் திரும்பக் கீழே வந்தது. நகத்தால் சுரண்டினார்.

"இது என்ன தம்பி, முடிச்சு?"

நான் வலையைப் பொத்திக்கொண்டு விறாந்தைப் படியில் இருந்தேன்.

"அது நூல் விட்டிருந்துது அக்கா. நான் தைச்சனான்."

"எப்ப?"

"இப்ப. கழுவி வந்தாப் பிறகு."

உபதேசியார் போய்க் கால்மணித்தியாலம்கூட ஆகவில்லை. அக்கா ஓம் என்று மட்டும் சொன்னார். அடுத்த உறையை எடுத்தார். அதன் முனையைத் தேடிப் பார்த்தார். பிறகு அடுத்தது. பதினொன்றையும் பார்த்தார். பார்த்ததை வாங்கில் வைத்தார். ஒரே இடத்தில் வைக்கவில்லை. முடித்தபோது வாங்கில் இரண்டு குவியல்கள் இருந்தன. ஒன்றில் ஏழு, மற்றதில் நாலு. எழும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தார். பின்னேரத் தேநீருக்கும் எழும்பவில்லை.

அவர் என்னிடம் கோபிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவும் இல்லை. சோறு போட்டுக் கொடுத்தால் சாப்பிடுகிறார், கறிக்கு உப்புக் குறைவு என்கிறார். தைத்தது நான் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் அத்தோடு நிறுத்தினாரா, அல்லது அந்தச் சட்டையை என் கையில் தந்த நாள் வரைக்கும் போய்ப் பார்த்தாரா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. படுத்திருக்கும்போது அவருடைய பெருவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கின்றன. முடிச்சைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி.

உறைகளைச் சேர்த்து மடிக்கப் போனேன், கை போகவில்லை. அன்றே இந்தக் கொப்பியை எடுத்தேன். யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியாமல்தான் தொடங்கினேன். அக்காவைப் பார்த்து நேரே சொல்ல எனக்கு வாய் வராது. எழுதி வைத்தால் அவரால் வாசிக்க முடியாது. அது இரண்டாவது பக்கம் எழுதும்போதுதான் உறைத்தது. வாசிப்பதென்றால் நான்தான் வாசிக்க வேண்டும்.

நேற்றுப் பின்னேரம் நான் மெசினுக்குப் பக்கத்தில் இருந்து எழுதும்போது அக்கா வந்து தன் கதிரையைத் தேடி இருந்தார். கொஞ்ச நேரம் பேனையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தார்.

"மூண்டு நாளா ஒரு சனமும் அளவு குடுக்க வரேல்லை. ஆற்ற அளவை எழுதுறாய்?"

"இது அளவில்லை அக்கா."

"பின்ன?"

"எழுதி முடியட்டும். உங்களுக்கு வாசிக்கிறன்."

அவர் கையை நீட்டி மெசினின் சக்கரத்தைத் தொட்டார்.

"சத்தமா வாசி" என்றார் பிறகு. "நீ வாய்க்குள்ள முணுமுணுத்தா எனக்கு விளங்காது."

இன்று வெள்ளிக்கிழமை. இன்னும் கொஞ்ச நேரத்தில் சிலுவைப்பாதைக்கு மணி அடிக்கும். அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தவுடன், அவரைக் கதிரையில் இருத்திவிட்டு, முதல் பக்கத்திலிருந்து வாசிக்கப் போகிறேன். நேராத்தான் இருக்கு என்று நான் சொன்ன இடத்தையும் தாண்டிப் போகாமல் வாசிக்க வேண்டும். உறைகள் வாங்கில் இரண்டு குவியலாகத்தான் கிடக்கின்றன. வாசித்து முடித்த பிறகு அக்கா சொல்லுகிற மாதிரி மடிப்பேன்.

2025 ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை